துணி சீட்டு, தோல் சீட்டு

1

போன சனிக்கிழமை என் வண்டியைப் பார்க்க வந்தவர்கள் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. இளம் தம்பதி. அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதமோ ஏழு மாதமோ. பிள்ளை பிறக்கப் போகிறது, குனிந்து நிமிர்ந்து ஏற்றி இறக்க முடியாது, கொஞ்சம் உயரமான வண்டியாக வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். நானும் காலையிலேயே எழுந்து வண்டியைக் கழுவி, உள்ளே துடைத்து, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி, மாப்பிள்ளை மாதிரி வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். இந்த ஊரில் வெயில் அடிப்பதே வருடத்துக்குப் பத்துப் பதினைந்து நாள். அதில் ஒரு நாள் அன்றைக்கு.

கணவன் இன்ஜினைப் பார்த்தான், டயரை உதைத்தான். அவள் இடது பக்கக் கதவைத் திறந்தாள். திறந்தவள் உள்ளே ஏறவில்லை. ஓர் அடி பின்னால் வந்து புறங்கையை மூக்கில் வைத்துக்கொண்டாள். மன்னிக்கணும், வெயிலில் நின்றிருக்கிறது இல்லையா, தோல் வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, இந்த நிலைமையில் எனக்கு எதுவுமே ஒத்துக்கொள்வதில்லை என்றாள். இங்கிலாந்துக்காரர்கள் மன்னிப்புக் கேட்கிற விதத்தில் தப்பு அவர்களுடையதா நம்முடையதா என்றே தெரியாது.

என்ன வாடை என்று கேட்டேன். நிஜமாகவேதான் கேட்டேன். அவள் கணவனைப் பார்த்தாள், கணவன் அவளைப் பார்த்தான். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

வாசற்படியில் என் மகள் ரூத் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயது. அடுத்த மாதம் படிக்க வேறு ஊர் போகிறாள். அதனால்தான் வண்டியையே விற்கிறேன். ஒற்றை ஆளுக்கு எதற்கு ஐந்து சீட்டு? திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். ஆச்சரியப்பட்ட முகம் இல்லை அது. என்றைக்காவது இது நடக்கும் என்று காத்திருந்த முகம்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருக்கிற நீங்கள் இதைப் படித்துவிட்டு, வெளிநாட்டில் கார் வாங்கின பவிசைப் பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்தாலும் நினைப்பீர்கள். கார் வாங்கின கதைதான். இரண்டு வண்டிகளில் எதை எடுப்பது என்று ஒரு குடும்பம் செய்த முடிவு. தப்பாக எடுத்தவன் நான்.

2

முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

நான் ஆம்பூர்க்காரன். ரயில் ஊரை நெருங்கும்போது பெட்டியில் இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். எதற்குச் சாத்துகிறார்கள் என்று புரியாமலே வளர்ந்தவன். பத்தொன்பது வயதில் தோல் பதனிடுகிற டேனரியில் சேர்ந்தேன். முதலில் சுண்ணாம்புத் தொட்டி, அப்புறம் டிரம், அப்புறம் பெயின்ட் அடிக்கிற பகுதி, கடைசியில் செலக்ஷன். பதனிட்டு முடிந்த தோலை மேசையில் விரித்து ஒன்று, இரண்டு, மூன்று, ரிஜெக்ட் என்று தரம் பிரிக்கிற வேலை. சாக்பீஸால் நான் போடுகிற எண்தான் அந்தத் தோலின் தலையெழுத்து. எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள்.

அந்த வேலையில் ஒரு முறை உண்டு. தெரியாதவன் தோலின் மேல் பக்கத்தைத்தான் பார்ப்பான். பளபளப்பைத் தடவிப் பார்த்து மயங்குவான். நாங்கள் முதலில் திருப்பிப் போடுவோம். உரிக்கும்போது கத்தி பட்ட இடம், மெலிந்த இடம் எல்லாம் உள்ளே சதைப் பக்கத்தில்தான் தெரியும். அதைப் பார்த்து முடித்த பிறகுதான் மேல் பக்கம்.

முதலாளி ஒரு பாய், தங்கமான மனிதர். ஒரு தடவை அவசர ஆர்டருக்கு ஒன்றாம் தரம் போதவில்லை. மேசைக்கே வந்துவிட்டார். "இன்னா மாஸ்டர், ரெண்டுலேர்ந்து கொஞ்சம் ஒண்ணுல தள்ளினா இன்னா பேஜாரு?" என்றார். "நீங்க தள்ளிக்குங்க பாய், என் சாக்பீஸ் தள்ளாது" என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் அவரே வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு. என் சர்வீஸில் ஒரு தோலுக்குக்கூட நான் தரம் கூட்டிப் போட்டதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கூட்டிப் போட்டேன். அது தோலுக்கு இல்லை, காருக்கு.

3

டேனரி என் மூக்கைத் தின்றுவிட்டது. தாளிப்பு தெரியும், மல்லிகை தெரியும், கேஸ் கசிந்தால் தெரியும். தோல் வாடை மட்டும் தெரியாது. எங்கள் ஆட்கள் நிறைய பேருக்கு இப்படித்தான். சேர்ந்த முதல் மாதம் சோறு இறங்காது. ஆறாம் மாதம் வாடை எங்கே என்று தேடுவான். சட்டையில், தலைமுடியில், வேர்வையில் அது இருக்கிறது என்பதைப் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால் தொண்ணூறாம் வருடம் பெண் பார்க்கப் போனபோது எனக்கு உதறல். பெண் வீடு வேலூரில், பாகாயம் பக்கம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், பெண் நர்ஸ். ஹெப்சிபா என்று பெயர், வீட்டில் ஹெப்சி. காலையில் இரண்டு முறை சந்தன சோப்புப் போட்டுக் குளித்தேன். புதுச் சட்டை, பவுடர், தலைக்கு வாசனை எண்ணெய். அப்படியும் காபி டம்ளரை நீட்டும்போதே அவள் அத்தை கேட்டுவிட்டார்: "மாப்ள தோல் கம்பெனிதானே? கேட்டாண்ட வரும்போதே தெரிஞ்சிட்டுது." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே செத்துப்போனேன்.

ஜெபம் முடிந்து, பெண்ணும் பிள்ளையும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்தில் எங்களை விட்டார்கள். சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்றெல்லாம் நான் கேட்கவில்லை.

"என் மேல வாடை வருதா? இப்பவே சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மூச்சு இழுத்தாள், நிதானமாக, நோயாளியைச் சோதிக்கிற மாதிரி.

"ஒண்ணும் தெர்லயே" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அவளைக் கட்டிக்கொண்டேன். வேறு எதைப் பார்த்தும் இல்லை.

ஆம்பூரில் குடித்தனம். படுக்கை எப்போதும் ஜன்னலோரம்; டிசம்பர் பனியிலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். காற்றோட்டம் வேண்டும், நர்ஸுகளுக்கு இது பழக்கம் என்பாள். என் துணிகளைத் தனியாகத் துவைத்துத் தனிக் கொடியில் போடுவாள். அதுவும் ஆஸ்பத்திரிப் பழக்கம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வருகிறவர்களிடமெல்லாம், எங்க வீட்டம்மாவுக்கு எதிலும் சுத்தம் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை சபையிலிருந்து பஸ் பிடித்து ஏலகிரிக்குப் போனோம். வளைவுக்கு வளைவு ஆளாளுக்கு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டார்கள். ஹெப்சி மட்டும் முறுக்கைக் கடித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தபடி வந்தாள். வண்டி ஒத்துக்கொள்ளாத உடம்பு இல்லை அவளுக்கு. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

4

இரண்டாயிரத்தில் இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஹெப்சி முதலில் வந்தாள். மறு வருடம் நானும் ரூத்தும் 'டிபெண்டன்ட்', அதாவது அவளை அண்டி வாழ்கிறவர்கள், என்று முத்திரை குத்தின பாஸ்போர்ட்டோடு வந்து சேர்ந்தோம். பன்னிரண்டு பேரை மேய்த்த நானும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே ஜாதி என்று ஆகிவிட்டது.

பெயர் விஷயமே பெரிய கூத்து. எனக்குக் குடும்பப் பெயர் என் அப்பா பெயர். ஹெப்சிக்கும் ரூத்துக்கும் என் பெயர். ஆகவே படிவங்களில் அவர்கள் இருவரும் ஒரு குடும்பம். நான் அந்த வீட்டில் குடியிருக்கிற யாரோ ஒருத்தன். பிற்பாடு ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். கணவன் என்று சொன்னால் காகிதத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

வேலூர் ஆர்.டி.ஓ. கொடுத்த லைசென்ஸ் இங்கே ஒரு வருடம்தான் செல்லும். அதற்குப் பிறகு பரீட்சை. இரண்டு முறை ஃபெயில். முதல் முறை காரணம், வளைவில் ஹாரன் அடித்தேன். வளைவில் ஹாரன் அடிக்காமல் ஒருவன் எப்படித் திரும்புவான்? இங்கே ஹாரன் அடித்தால் எதிரே வருகிறவரைத் திட்டுவதாக அர்த்தமாம். காய்கறி வாங்கிக்கொண்டு போன ஒரு பெரியவரை நான் திட்டிவிட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

வந்த இரண்டாம் வருடம் இந்த ஊரிலேயே கார் சீட்டுக்குத் தோல் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. துள்ளிக் குதித்தேன். ஆனால் செலக்ஷனுக்கு அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். எனக்குப் பெயின்ட் அடிக்கிற ஸ்பிரே லைனில் தோலை விரித்துவிடுகிற வேலை. சுருக்கம் இல்லாமல் விரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் ஒரு தோலில் கத்திக் கீறல் இருப்பதைக் காட்டினேன். சூப்பர்வைசர் அன்பாகத்தான் சொன்னார், அதைப் பற்றி நீ கவலைப்படாதே என்று. அதற்குப் பிறகு நான் எதையும் காட்டவில்லை.

ரூத் பள்ளிக்கூடத்தில், அப்பா கார் கம்பெனியில் இருக்கிறார் என்று சொல்லியிருந்தாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வந்தது. போகப் போக இங்கிலீஷில் கேட்டாலும் தோளை ஒரு குலுக்கு. ஃபிரண்ட்ஸ் வந்திருக்கும்போது நான் 'ஸ்கின்' என்று சொன்னால் அவளுக்கு உடம்பு கூசும். 'ஸ்கின்' இல்லை, 'லெதர்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருத்துவாள்.

ஹெப்சிக்கு எல்லாம் தெரியும். என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்து யாராவது விசாரித்தால் மட்டும், "எங்க வீட்டுக்காரரு கண்ண மூடிக்கினே தோல் தரம் சொல்வாரு" என்பாள். கேட்கிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. நான் அன்றைக்கு முழுவதும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பேன்.

5

இரண்டாயிரத்தைந்தில் அவள் மார்பில் கட்டி. தானே கண்டுபிடித்து, தானே டாக்டரிடம் போய், ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வந்துதான் என்னிடம் சொன்னாள். ஆபரேஷன் ஆயிற்று. அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல், மேட்டு வழி, குளிர்காலத்தில் பனி. எங்களிடம் இருந்தது தரையோடு ஒட்டின பழைய கார். ஒரு கையைத் தூக்க முடியாதவள் அதிலிருந்து எழுந்திருக்கப் பட்ட பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. முதல் தடவை மருந்து ஏற்றி முடித்தபோது அங்கிருந்த நர்ஸ்தான் சொன்னாள், இடுப்பு உயரத்துக்கு சீட்டு இருக்கிற வண்டியாகப் பாருங்கள், உட்கார்ந்து காலைத் திருப்பினால் போதும் என்று.

ஜீப்பைச் சின்னதாக்கினது போல ஒரு வகை, எஸ்.யூ.வி. என்கிறார்கள். இப்போது ஊரிலும் ஓடத் தொடங்கியிருக்கும். ஆஸ்பத்திரிக்கும் ஆகும், பள்ளிக்கூடம், கடை, கோயிலுக்கும் ஆகும். பத்திரிகை வாங்கிப் படித்து, கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரே கடையில் இரண்டு வண்டி எங்கள் சக்திக்குள் வந்தன. இரண்டும் இரண்டு வருடம் ஓடியவை. ஒன்று சாம்பல் நிறம், துணி சீட்டு. மற்றது கரும்பச்சை, தோல் சீட்டு.

மூன்று பேருமாகப் போனோம். நான் என் வழக்கப்படி முதலில் அடியைப் பார்த்தேன். கோட்டைக் கழற்றி ரூத் கையில் கொடுத்துவிட்டு, கடைத் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டேன். விற்கிறவன் பதறிவிட்டான். ரூத் எங்களுக்கு உறவே இல்லாதவள் போலத் திரும்பிக்கொண்டு சுவரில் இருந்த விளம்பரத்தைப் படித்தாள். ஹெப்சி தலையில் துணி கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு.

சாம்பலின் அடிப்பக்கம் சுத்தம். பச்சையில் ஒரு மூலையில் துரு ஆரம்பித்திருந்தது. சாம்பலின் சீட்டு அவள் இடுப்புக்குச் சரியாக நின்றது. பச்சையில் இரண்டு விரல் உயரம், எம்பி ஏற வேண்டும். சாம்பல் மெத்தென்று போனது. பச்சை சின்னக் கல்லுக்கும் தூக்கிப் போட்டது. சாம்பலில் ஒரு சுற்று சுற்றி வந்து நிறுத்தின பிறகும் ஹெப்சி இறங்கவில்லை. தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, ரெண்டு நிமிஷம் இருக்கட்டும் என்றாள். சாக்பீஸ் என் கையில் இருந்திருந்தால் சாம்பலுக்கு ஒன்று, பச்சைக்கு மூன்று. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஆனால் நான் பச்சையின் சீட்டைத் தொட்டுவிட்டேன். தையலுக்குள் விரலை விட்டுச் சதைப் பக்கத்தையும் தடவிப் பார்த்தேன். எங்கள் கம்பெனித் தோல். மேலே அழுத்தியிருந்த அச்சில் ஒரு நெளிவு உண்டு, தினமும் என் உள்ளங்கைக்குக் கீழே போகிற நெளிவு. நானே விரித்துவிட்ட தோலாகவும் இருக்கலாம்.

"இது நம்ப கம்பெனித் தோல்" என்றேன். என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது. ரூத் திரும்பினாள். எப்படித் தெரியும் என்று கேட்டாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. நான் அவள் விரலைப் பிடித்துத் தையலுக்குள் விட்டேன். பதினாலு வயதுப் பெண், கடையில் எல்லாரும் பார்க்கிறார்கள், கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஹெப்சி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்தாள். என் தோளைப் பிடித்து எம்பிப் பச்சை வண்டியில் ஏறினாள். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள்.

அப்போது எனக்கு உறைத்தது. மருந்து ஏற்றினவர்களுக்கு வாசனையே ஆகாது என்று எங்களுக்குக் கொடுத்த புத்தகத்தில் போட்டிருந்தது. வீட்டில் மீன் குழம்பையே நிறுத்தியிருந்தோம். நான் கதவைத் திறந்தேன்.

"வாடை வருதா ஹெப்சி? நேராச் சொல்லு."

"ஒண்ணும் தெர்லயே" என்றாள். "இதையே எடுங்க. வாந்தி கீந்தி எடுத்தாலும் தோல்னா தொடச்சிக்கலாம். துணின்னா நாறும்."

சாம்பல்தான் உனக்கு சௌகரியமா இருந்திச்சு என்று நான் சொன்னேன். சொன்ன விதம் எனக்குத் தெரியும். மறுத்துப் பேசட்டும் என்று காத்திருந்து சொன்ன விதம். அவள் மறுத்துப் பேசினாள். நான் பச்சைக்கு ஒன்று போட்டேன்.

6

மருந்து நாளன்று ரூத் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு எங்களோடு வருவாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். ஹெப்சி முன்னால் என் பக்கத்தில், ரூத் அவளுக்குப் பின்னால். ஹெப்சி பக்கத்துக் கண்ணாடி நாலு விரல் இறங்கியிருக்கும். வெளியே பனி கொட்டும். நான் ஹீட்டரைப் போட்டால் அணைக்கச் சொல்வாள். தலையில் ஒரு முடி இல்லை, குளிராதா என்றால், காத்து வேணும், பழகிட்டேன் என்பாள். நான் குல்லாவும் கையுறையும் போட்டுக்கொண்டு ஓட்டுவேன்.

ரூத் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். நகத்தால் கீறி முன்னால் நீட்டுவாள். ஹெப்சி அதை மூக்கைவிட்டு எடுக்காமல் வருவாள். அன்னைக்கு ஏலகிரி பஸ்ல எல்லாரையும் பாத்துச் சிரிச்சியே, இப்ப மாட்டிக்கினியா என்று நான் கிண்டல் பண்ணினேன். பாவி, கிண்டல் பண்ணினேன்.

ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தி இறங்கினதும் வாந்தி. ஒவ்வொரு முறையும். மருந்து இனிமேல்தான் ஏற்றப் போகிறார்கள், அதற்குள் எதற்கு வாந்தி என்று கேட்டேன். மருந்தை நினைத்தாலே சிலருக்கு வரும், நர்ஸிங்கில் படித்திருக்கிறேன் என்று சொல்லி அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயரும் சொன்னாள். உள்ளே இருந்த நர்ஸும் ஆமாம், அப்படி உண்டு என்றாள். படித்தவர்கள் இரண்டு பேர் சொல்லும்போது நான் என்னத்தைக் கேட்பது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மருந்து நாளுக்கு முந்தின சாயங்காலம் கம்பெனியிலிருந்து க்ரீம் கொண்டுவந்து சீட்டுகளுக்கெல்லாம் தேய்த்துப் பாலிஷ் போட்டு வைப்பேன். மெத்தென்று இருக்கட்டும் என்று அவள் உட்காரும் இடத்துக்கு மட்டும் இரண்டு கை கூடுதலாகத் தேய்ப்பேன். அவள் ஜன்னலில் நின்று பார்த்துக் கையை ஆட்டுவாள்.

7

மறு வருடம் ஹெப்சி போய்விட்டாள். இந்த மண்ணிலேயே அடக்கம் பண்ணினோம். பாகாயத்திலிருந்து அவள் அத்தை போனில் அழுதார். எம்பொண்ண நல்லா பாத்துக்கினீங்க மாப்ள என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நடக்க முடியாதவர்கள் வண்டியைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ள ஒரு நீல அட்டை கொடுப்பார்கள். அவள் படம் ஒட்டினது. அதைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது, அவள் பெயருக்கே. நான் எழுதிப் போட்டேன். பெயர் பொருந்தவில்லை, கணவன் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். வேலூரில் பண்ணின கல்யாணத்தின் சர்டிபிகேட்டை நகல் எடுத்து அனுப்பினேன். அட்டையை எடுத்தபோது முன்கண்ணாடிக்குக் கீழே அதன் அளவுக்கு ஓர் இடம் வெளுக்காமல் இருந்தது.

அதற்குப் பிறகும் மூன்று வருடம் அதே வண்டியைத்தான் ஓட்டினேன். இடது பக்கக் கண்ணாடி நாலு விரல் இறங்கியே இருக்கும். ஏற்ற மனசு வரவில்லை. விற்பதற்காகப் போன சனிக்கிழமைதான் முதன்முதலாக முழுக்க ஏற்றினேன்.

8

அன்றைக்கு வண்டி பார்க்க வந்தவர்கள் போன பிறகு ரூத்தைக் கேட்டேன். இங்கிலீஷில்தான் சொன்னாள். உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா அப்பா என்று ஆரம்பித்தாள்.

முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். ஏறின பத்தாவது நிமிடம் அம்மாவின் கழுத்து வேர்த்தது, பின்னாலிருந்து பார்த்தேன் என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் அம்மா தன்னைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபோது கேட்டுவிட்டாளாம், வண்டி வாடைதானே என்று. அம்மா சொன்ன பதிலை மட்டும் ரூத் தமிழில் சொன்னாள். ஒரு எழுத்துத் தவறாமல், நான்கு வருடம் மனப்பாடம் செய்து வைத்திருந்த மாதிரி.

"அப்பாகிட்ட சொல்லக் கூடாது. தெரிஞ்சா வண்டிய வித்துடுவாரு. இந்த ஊர்ல அவருதுன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

அம்மா போன பிறகாவது சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்தினேன். கத்தினது தப்பு. சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னார்களே என்றாள், அவ்வளவுதான்.

அவள் தமிழை மறந்துவிட்டாள், அப்பனை மறந்துவிட்டாள், இந்த ஊர்ப் பிள்ளையாகிவிட்டாள் என்று உங்களில் எத்தனை பேரிடம் போனில் புலம்பியிருக்கிறேன்! அவள் இதை வாய்க்குள் வைத்துக்கொண்டு, தினமும் அந்த வண்டியில் ஏறிப் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். பேசினால் எங்கே வந்துவிடுமோ என்று பேசாமலே இருந்தாளோ என்னவோ. எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

எனக்கு மன்னிப்புக் கிடையாது, தெரியும். துணி சீட்டு வண்டியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கலாம். சாவை மாற்றியிருக்காது, அந்த வழியையாவது சுகமாக்கியிருக்கும். அதை நான் கெடுத்தேன், க்ரீம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கெடுத்தேன். பாகாயத்தில் அன்றைக்கு அவள் சொன்னதாவது நிஜமாக இருக்கட்டும் என்று பார்க்கிறேன். உடனே ஆம்பூர் வீட்டு ஜன்னல் வந்து நிற்கிறது. தனிக் கொடி வந்து நிற்கிறது. பதினாறு வருடம். யாரைப் போய்க் கேட்பது?

சாயங்காலம் போய் வண்டியில் உட்கார்ந்தேன். என் இடத்தில் இல்லை, அவள் இடத்தில். கண்ணாடிகள் எல்லாம் ஏறியிருந்தன. பகல் வெயில் முழுக்க உள்ளே அடைந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு மூச்சை இழுத்தேன். இன்னும் ஆழமாக இழுத்தேன். சீட்டில் முகத்தை வைத்து அழுத்தி இழுத்தேன். அவள் பட்டதில் ஒரு துளியாவது எனக்குத் தெரியட்டும் ஆண்டவரே என்று கேட்டேன். ஒன்றும் வரவில்லை. வெறும் சூடு.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தப் பக்கக் கதவு திறந்தது. ரூத் வந்து என் இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். அவள் நெற்றி வேர்த்தது. கை கண்ணாடிப் பொத்தான் வரை போயிற்று, திரும்பி வந்து மடியில் விழுந்தது.

வாடை வருதாம்மா என்று கேட்டேன்.

அவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தாள், நிதானமாக.

"ஒண்ணும் தெர்லப்பா" என்றாள்.